சம்மனசும் தேவதூதரும்

ஒரு சமயம் தான் தோன்றிய நாட்டை விட்டு மற்றொரு நாட்டிற்குச் செல்லுங்கால் குருமாரையும் வழிபாட்டையும் மட்டும் உடன்கொண்டு செல்வதில்லை. சொற்களையும் கொண்டு செல்கின்றது. கோயில் புதிய மண்ணிற் புதிய கல்லால் எழும்பிவிடும். சொல்லோ, அந்நாட்டார் நாவில் முன்னரே வழங்கும் சொற்களுக்கு நடுவே தனக்கென ஓரிடந் தேடல் வேண்டும். அவ்விடம் எவ்வாறு கிடைத்தது, கிடைத்தவிடத்து அச்சொல் என்ன பொருளை ஏற்றது, அதனால் முன்னிருந்த சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்பன வரலாற்றறிஞர் ஆராயத்தக்க பொருள்களாம்.

இராகலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தைக் கருதுக. ஒரு காம்பிராவிற் கத்தோலிக்கக் குழந்தையொன்று தன் காவற் சம்மனசை வேண்டிக்கொண்டு துயில்கின்றது. அடுத்த காம்பிராவிற் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த குழந்தை ஆட்டிடையர்க்குத் தோன்றிய தேவதூதனின் கதையைப் படிக்கின்றது. அதற்கடுத்த காம்பிராவில் இந்துக் குழந்தை எல்லையிற் காவல்நிற்கும் முனியாண்டியை நினைந்து கண்ணுறங்குகின்றது. மூவரும் பேசுவது ஒரே தமிழ். முதலிருவரும் கருதும் பொருளும் ஒன்றே; ஆயினும் அதற்கு வழங்கும் பெயர் வேறு. மூன்றாங் குழந்தையின் நம்பிக்கை அவ்விருவர் சமயநூலிலும் இடம்பெறாதது. ஆயினும் 'காவல்' என்னுஞ் சொல் முதற்குழந்தைக்கும் மூன்றாங் குழந்தைக்கும் பொதுவாகின்றது. இந்நிலை எவ்வாறு எய்தியது? நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இதன்பின் நிற்கின்றது.

சொல்லின் மூலமும் கொள்கையும்

தேவதூதரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய 'மலாக்' என்பதும், கிரேக்கச் சொல்லாகிய 'அங்கெலோஸ்' என்பதும் தூதன் என்னும் ஒரு பொருளையே உடையன. கிரேக்கச் சொல்லே இலத்தீனிற் புகுந்து, அதன்வழி ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரந்தது. தொடக்கத்தில் அது தொழிற்பெயரேயன்றி இனப்பெயரன்று. அரசன் விடுத்த மனிதத் தூதனையும் எபிரேயர் அப்பெயராலேயே அழைத்தனர். காலப்போக்கிலேயே அது விண்ணுலகத்து உயிர்களின் இனப்பெயராக நிலைத்தது.

இடைக்காலத்துக் கிறித்தவ அறிஞர் இவ்வுயிர்களைப் பற்றி விரிவான கொள்கை வகுத்தனர். இவர்கள் இறைவனாற் படைக்கப்பட்டவர்கள், உடலில்லாதவர்கள், அறிவும் விருப்பமும் உடையவர்கள், ஒன்பது அணிகளாக நிற்பவர்கள். இவருள் ஒரு பகுதியினர் செருக்குற்று இறைவனுக்கு மாறாயெழுந்து வீழ்ந்தனர், வீழ்ந்தோரே பேய்களாயினர். பேய்களும் படைப்பில் நல்லனவே என்றும், தம் செயலாலேயே தீயவாயின என்றும் 1215ஆம் ஆண்டு உரோமையிற் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் அறுதியிட்டது.

இக்கொள்கையின் இரண்டாம் பகுதியே வேற்றுநாடுகளிற் போதகர்க்குப் பெரிதும் பயன்பட்டது. பிற சமயத்தார் வணங்குந் தெய்வங்கள் யாவர் என்னும் வினாவிற்கு அதன்கண் விடை ஆயத்தமாயிருந்தது. அவர்கள் வீழ்ந்த தூதர்கள் என்பதே அவ்விடை. ஆதலின் தூதரைப் பற்றிய போதனை, பழைய தெய்வங்களின் ஊழைத் தீர்ப்பதாயும் அமைந்தது. தூதர்க்கு எச்சொல்லை இடுவது, வீழ்ந்தோர்க்கு எச்சொல்லை இடுவது என்பது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. முன்னோர் வழிபட்டனவற்றிற்கு விண்ணில் இடமுண்டா, நரகில் இடமா என்பதும் அச்சொல்லினாலேயே தீர்மானிக்கப்பட்டது.

மெக்சிக்கோவில் நிகழ்ந்தது

இதனைத் தெளிவாகக் காட்டுவது, நஹுவாத்தல் மொழி பேசிய மெக்சிக்கோ மக்களின் வரலாறு. 1521இல் இசுப்பானியர் அவர்தம் தலைநகரைக் கைப்பற்றினர். 1524இற் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் பன்னிருவர் அங்குச் சென்று, அந்நாட்டுத் தலைவரோடும் பூசகரோடும் உரையாடினர் என்பது வரலாறு. அவ்வுரையாடலை 1564ஆம் ஆண்டில், பெர்நார்டினோ தெ சாஆகுன் என்னுந் துறவி, த்லத்தெலோல்கோக் கல்லூரியிற் பயின்ற நாட்டவர் துணையோடு இரு மொழியிலும் நூலாக்கினார். தம் தெய்வங்கள் மழையையும் உணவையும் தந்து முன்னோரைக் காத்தன என்றும், ஆட்சி போனதே போதும், வழிபாட்டையேனும் விட்டுவிடுக என்றும் பூசகர் வேண்டியதாக அந்நூல் காட்டுகின்றது. துறவியர் அதற்கு மறுமொழியாகத் தூதர் படைக்கப்பட்ட வரலாற்றையும், அவருட் சிலர் வீழ்ந்த வரலாற்றையும் எடுத்துரைத்து, மெக்சிக்கோவின் தெய்வங்கள் அவ்வாறு வீழ்ந்தோரே என்று முடித்தனர்.

சொல்லாட்சியில் அத்துறவியர் கைக்கொண்ட முறை குறிக்கத்தக்கது. நல்ல தூதர்க்கு நாட்டுச் சொல் எதனையும் அவர்கள் ஏற்கவில்லை; இசுப்பானியச் சொல்லையே நஹுவாத்தலின் பன்மை விகுதி சேர்த்து வழங்கினர். இறைவனுக்கும் இசுப்பானியப் பெயரையே நிலைநிறுத்தினர். வீழ்ந்தோர்க்கு மட்டும் நாட்டுச் சொல்லொன்றைத் தேடியெடுத்தனர். 'மனித ஆந்தை' என்னும் பொருளையுடைய அச்சொல், இரவில் ஆந்தையுருக் கொண்டு நோயும் சாவும் விளைக்கும் சூனியக்காரனை அம்மக்களிடையே குறித்தது. ஆந்தையின் அலறலுக்கு அஞ்சுதல் தமிழர்க்கும் புதிதன்று. ஆகவே நன்மைக்கு அயற்சொல், தீமைக்கு நாட்டுச்சொல் என்பதே அங்குக் கண்ட முறை. பழைய தெய்வங்கள் சூனியக்காரன் பெயரைச் சுமந்தன.

எனினும் மொழி தன் வழியிற் செல்லாமலிருக்கவில்லை. பழைய ஆடற்பாட்டுக்களுக்கு மாற்றாகச் சாஆகுன் நஹுவாத்தல் மொழியில் ஆக்கிய பாடல்கள் 1583இல் மெக்சிக்கோவில் அச்சேறின. மலரும், அரும்பறவையும், பசுமை ஒளிரும் இறகும் பழைய பாடல்களின் அணிகள்; புதிய பாடல்களும் அவற்றையே பூண்டன. அயற்பெயர் தாங்கி வந்த வானவர், மெக்சிக்கோவின் பறவைகளும் மலர்களும் நிறைந்த சோலையிலேயே குடிபுகுந்தனர்.

முத்துக்குளித்துறையும் சவேரியாரும்

மெக்சிக்கோ உரையாடல் நிகழ்ந்து இருபது ஆண்டு கழியுமுன் அதனை ஒத்ததொன்று தமிழகத்தின் தென்கோடியில் நிகழ்ந்தது. பிரான்சிஸ்கு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறை வந்தடைந்தார். அத்துறைப் பரதவர் அதற்கு ஐந்தாறு ஆண்டுகளின் முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனராயினும் போதனை பெற்றிலர். 1544ஆம் ஆண்டு சனவரியிற் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஒரு கோயிலில் இருநூற்றுக்கு மேற்பட்ட அந்தணரைக் கண்டு வாதிட்டதைச் சவேரியார் விவரிக்கின்றார். அக்கோயில் திருச்செந்தூர் என்பர். அவர் வினாவியது, அத்தெய்வங்கள் மக்களுக்கு இடுங்கட்டளை யாது என்பதே. அக்கடிதத்திலேயே மற்றொரு செய்தியும் உண்டு. கற்றறிந்த அந்தணர் ஒருவர், விண்ணையும் மண்ணையும் ஆக்கிய இறைவன் ஒருவனே என்பது தம் மரபின் மறைபொருள் என்று தனியே உரைத்தாராம். ஒரு கடவுள், அவனுக்குக் கீழ்ப்பட்ட பல தேவர் என்னும் அமைப்புத் தமிழ்நாட்டுச் சமயத்திலும் உண்டென்பதற்கு அச்சான்று போதும். ஆயினும் அக்கதவைத் திறந்து உட்செல்லச் சவேரியார்க்குக் காலமும் இல்லை, மொழியும் இல்லை.

மொழியின்மை எத்துணை இடர் விளைத்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். விசுவாச அறிக்கையைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பாளர் 'விசுவசிக்கின்றேன்' என வேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் பொருள்படும் சொல்லை இட்டுவிட்டனர். 1544இல் அதனை உணர்ந்த சவேரியார், அதனைத் திருத்துமாறு தம் உடனூழியர்க்கு எழுதினார். நம்புதலும் வேண்டுதலும் வேறென்பது ஓராண்டுக்குப் பின்னரே தெரியவந்தது எனின், உடலற்ற தூதர், வீழ்ந்த தூதர் ஆகிய நுண்பொருள்கள் அக்காலத்துக் கேட்போர்க்கு எவ்வாறு விளங்கியிருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

இக்குறையை நீக்க முயன்றவர் அண்டிரிக் அடிகளார். 1546இல் இந்தியா வந்த இப்போர்த்துக்கேயர் தமிழை முறையாகக் கற்றார். 1578இற் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கமே உடைய சிறுநூலாயினும், இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் பெருமையை உடையது. அடுத்த ஆண்டிற் கொச்சியிற் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது; 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. கடவுளுக்குச் சைவர் நாவில் வழங்கிய 'தம்பிரான்' என்னுஞ் சொல்லை அண்டிரிக் அடிகளார் துணிந்து எடுத்தாண்டார். அதே வேளையில் 'இஸ்பிரீத்து சாந்து' முதலிய சமயச் சொற்கள் பல போர்த்துக்கேய ஒலியிலேயே நின்றன. மெக்சிக்கோவின் முறையும் தமிழ் முறையும் ஒரு நூலுள் அருகருகே நின்ற காலம் அது.

சம்மனசு

1606இல் மதுரை வந்த இத்தாலியராகிய இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயரோடு துறவு பூண்டு, வடமொழியும் தமிழும் கற்றுச் சமயச் சொற்களை மாற்றியமைக்க முற்பட்டார். போர்த்துக்கேயச் சொற்களை வழங்கினாற் கிறித்தவம் பறங்கியர் சமயமாகவே எண்ணப்படும் என்பது அவர் கருத்து. எனவே கோவில், பூசை, குரு, பிரசாதம், சருவேசுரன் என்னுஞ் சொற்கள் கத்தோலிக்கத் தமிழில் ஓங்கின. நொபிலியார் தம் முதுமையிற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தாராதலின் ஈழநாட்டிற்கும் அவர் வரலாற்றில் இடமுண்டு.

இந்த வடமொழி சார்ந்த கத்தோலிக்கத் தமிழில் நெடுங்காலம் நிலைபெற்ற சொல்லே 'சம்மனசு'. நல்ல மனம் என்னும் பொருள்படும் வடசொற்றொடரிலிருந்து இஃது அமைந்தது. இச்சொல்லின் நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். மூலச்சொல் தூதன் என்னுந் தொழிலைக் குறிக்க, இச்சொல் அத்தொழிலை விட்டு இயல்பைக் குறித்தது. உடலற்ற அறிவுயிர் என்று இடைக்கால மெய்யியலார் கூறியதனை, 'மனசு' என்னுஞ் சொல் நேரே ஏற்றது. வீழாது நின்ற நல்லோர் என்பதனை, அதன் முன்நின்ற அடை ஏற்றது. தேவர், வானவர் என்னும் பழஞ்சொற்கள் எதனோடும் அது மோதவில்லை. ஆகவே பழைய தேவரை விண்ணிலும் ஏற்றாமல், அயல்மொழிச் சொல்லையும் கடன்கொள்ளாமல், இரண்டுக்கும் நடுவே செல்லும் மூன்றாம் வழி அதுவாயிற்று.

ஆயினும் புதிதாய்ப் படைத்த சொல்லுக்கு ஒரு குறையுண்டு. அதனைக் கேட்டமாத்திரத்திற் பொருள் விளங்காது, விளக்குவோர் வேண்டும். நாளடைவில் மக்கள் அதன் பகுதியை மறந்தனர். சம்மனசு என்பது மனத்தைக் குறிப்பதென்று எண்ணாமலே, சிறகுடைய குழந்தையுருவை நினைந்தனர். மரியன்னையைச் சம்மனசுகளின் இராக்கினி என்றனர். பிள்ளைகட்குச் சம்மனசு என்றே பெயருமிட்டனர். அறிஞர் கலைச்சொல் வீட்டுச்சொல்லாயிற்று; அதுவே அதன் வெற்றியாம்.

வானவர்

நான்காவது வழியைக் காட்டியவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் றமிழகம் வந்த இவ்வித்தாலியர், 1726இல் முற்றுப்பெற்ற தேம்பாவணியில் 3,615 பாடல்களாற் சூசையப்பரின் வரலாற்றைப் பாடினார். சூசையப்பரின் வரலாறே தூதரால் இயங்குவது. மரியாளை ஏற்குமாறு கனவிற் கூறியவனும், குழந்தையோடு எகித்துக்கு ஓடுமாறு கூறியவனும், திரும்புமாறு கூறியவனும் தூதனே. காப்பியம் பாடப் புகுந்தவர்க்குக் கலைச்சொல் போதாது. செய்யுளில் ஓசையும் மரபும் உடைய சொல் வேண்டும். எனவே தமிழ்ப் புலவர் தேவரைக் குறித்து வழங்கிய வானவர் முதலிய சொற்களை முனிவர் கிறித்தவத் தூதர்மேல் ஏற்றினார்.

திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வப் பெயர்த் தொகுதியையே முதலில் வைத்தன. வானோர், விண்ணோர், உம்பர், அமரர், இமையவர், புத்தேளிர் எனத் தேவர்க்கு வழங்கிய பெயர்கள் பல. இவை வானில் உறைவோர், இறப்பில்லாதோர், கண்ணிமையாதோர் என்னும் பொருள் தருவன. வானவர் என்னுஞ் சொல்லிற் கிறித்தவக் கொள்கைக்கு மாறாவது ஒன்றுமில்லை. இந்திரன் நீங்கினான், அவன் அவையத்தார் பெயர் மட்டும் நின்றது. மதுரைப் போதகர் அஞ்சி விலக்கிய சொற்களைக் காப்பியப் புலவர் அஞ்சாது எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், தமிழ்ச் செய்யுள் மரபின்மீது அவருக்கிருந்த நம்பிக்கையே எனலாம்.

தேவதூதன்

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இவர் 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையைப் பற்றி விரிவான நூலொன்று எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பிறசமய மடமையைப் பரப்புவதற்கன்று, அதனை ஒழிப்பதற்கே போதகர் அனுப்பப்பட்டனர் என்று மேலோர் அதனை அச்சிட மறுத்தனர். 1867இலேயே அந்நூல் சென்னையில் வெளிவந்தது. மெக்சிக்கோவின் பழைய சமயத்தைப் பன்னிரு பகுதிகளாக எழுதிவைத்த சாஆகுனின் ஏடுகளையும் 1577இல் இசுப்பானிய அரசன் கவர்ந்துகொள்ளுமாறு ஆணையிட்டான். பழைய தெய்வங்களை மறுப்பதற்காகவே அவற்றை ஆராயப் புகுந்த இருவரும், அவற்றின் நினைவைக் காத்தோராயினர். அதன் பொருட்டே தம்மவரால் ஐயுறவும்பட்டனர்.

சீர்திருத்தச் சபையினர் வேதநூலின் சொல்லுக்குச் சொல் நேராதல் வேண்டும் என்னுங் கருத்தினர். மூலச்சொல் தூதன் எனின் தமிழிலும் அது தூதனே ஆதல் வேண்டும். ஆயின் வெறும் தூதன் எனின் மனிதத் தூதனோடு மயங்கும். எனவே 'தேவதூதன்' என்னுந் தொகை நிலைத்தது. தலைமைத் தூதன் பிரதான தூதன் எனப்பட்டான். கேருபீன், சேராபீன் என்னும் இனப்பெயர்கள் மட்டும் அயலொலியிலேயே நின்றன.

இத்தொகையின் பொருள், கடவுளுக்கு இடும் பெயரைப் பொறுத்து மாறும் இயல்பினது. சீகன்பால்கு ஐயர் கடவுளைச் சருவேசுரன் என்றார். பப்பிரீசியு ஐயர் பராபரன் என்றார். 1871இல் முழுமையாக வெளிவந்த, போவர் ஐயர் தலைமையிலான திருப்புதல் 'தேவன்' என்றது. பராபரன் கடவுளாயிருந்த காலத்திற் றேவதூதன் என்பது தெய்விகத் தூதன் என்னும் பொருளில் நின்றது. தேவனே கடவுளாயினபோது, அது கடவுளின் தூதன் என்னும் நேர்ப்பொருளைப் பெற்றது. ஆனால் இந்து ஒருவன் செவியில் தேவன் என்பது முப்பத்து முக்கோடியருள் ஒருவன் பெயர். அவனுக்குத் தேவதூதன் என்பது தேவர்கள் விடுத்த தூதன். கிறித்தவரும் இந்துவும் ஒரே சொல்லைக் கேட்டு இருவேறு உலகங்களைக் கண்டனர்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈழநாட்டுக்கும் பெரும்பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்தில் தமிழ்ப் போதகராகிய பிலிப்பு தெ மெல்லோ திருத்திய புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சேறியது. யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியார் மேற்பார்வையில் ஆக்கப்பட்டு 1850இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர், பின்னாளிற் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர். சைவ அறிஞர் ஒருவர் பிறர் வேதத்தைத் தமிழாக்கி, அதனை நன்கறிந்த அறிவோடு 1854இற் 'சைவதூஷண பரிகாரம்' எழுதித் தம் சமயத்தைக் காத்தார். வேதாகமத்திற் கூறப்படும் ஆலய வழிபாட்டிற்கும் சைவ வழிபாட்டிற்குமுள்ள ஒப்புமையை அந்நூலிற் காட்டினார்.

சைவர் செவியில் இப்போதனை

வந்தவர் கூறியதனை மட்டும் ஆராய்தல் ஒருதலையாம். கேட்டவர் நெஞ்சில் முன்னரே என்ன இருந்தது என்பதும் ஆராயத்தக்கது.

சைவ சித்தாந்தத்தில் தேவர் கடவுளர் அல்லர். இந்திரன் முதலியோர் நல்வினையாற் பதவி பெற்ற உயிர்கள். வினை கழிந்தவழிப் பதவி நீங்குவர். பிரமன் முதலியோரும் மலமுடைய உயிர்களே. இவர்க்கு மேலாக விஞ்ஞானகலர் என்னும் உயிர்கள் உண்டு. அவருள் அனந்தர் முதலிய வித்தியேசுவரர் எண்மரும், ஏழுகோடி மந்திரரும் சுத்தமாயையில் உடம்பு பெற்று, இறைவன் ஆணைவழி நின்று தொழில் இயற்றுகின்றனர். கிறித்தவர் கூறும் வானோர் அணிகளுக்குத் தமிழ்ச் சமயத்தில் அண்மையான ஒப்புமை நாடின், அதனைத் தேவரிடத்தினும் இவரிடத்தே காணல் பொருந்தும். வேற்றுமையும் உண்டு. சித்தாந்தத்தில் உயிர் அநாதி. கிறித்தவத்தில் தூதர் படைக்கப்பட்டோர். சித்தாந்தத்தில் தாழ்ந்த உயிரும் ஒருநாள் உய்யும்; கிறித்தவத்தில் வீழ்ந்த தூதர்க்கு மீட்சியில்லை.

பேய் என்னுஞ் சொல்லும் அவ்வாறே. வீழ்ந்த தூதரைப் போதகர் பேய், பசாசு, பிசாசு என்றனர். தமிழில் அச்சொற்களுக்கு அச்சமும் உண்டு. அதனினும் வேறான பொருளும் உண்டு. ஆலங்காட்டில் இறைவன் ஆடுங்கால் உடன்நின்று பாடுவன பேய்க்கணங்கள். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். மெக்சிக்கோவின் மனித ஆந்தையைப்போல முற்றும் தீமையேயான சொல் தமிழிற் போதகர்க்கு எளிதிற் கிடைக்கவில்லை எனலாம். சிவன் திருவடிக்கீழ் பேய்க்கும் இடங்கண்ட நாட்டில், உங்கள் தெய்வங்கள் பேய்கள் என்று கூறுதல், கூறியவர் நினைத்த அளவு எளிதான தீர்ப்பாகவில்லை.

தூது என்பதும் தமிழர்க்குப் புதிதன்று. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடஞ் சென்றதைப் புறநானூறு அறியும். திருவள்ளுவர் தூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தூது ஒரு பிரபந்த வகையுமாயிற்று. பாகவதத்தில் அசாமிளன் உயிரைப் பற்றி யமதூதரும் விட்டுணுதூதரும் வழக்காடுகின்றனர். இறப்போர் உயிரைத் தூதரும் பேய்களும் பற்ற முயலுங் கிறித்தவக் கதையைக் கேட்ட இந்துவுக்கு அது நினைவிற்கு வாராதிராது. ஆயின் தமிழ்ச் சமயங்கள் மேலும் ஒருபடி சென்றன. சுந்தரர் பொருட்டுப் பரவையார் வீட்டுக்கு நள்ளிரவில் தூது நடந்தவன் சிவபெருமான். பாண்டவர் பொருட்டுத் தூது சென்றவன் கண்ணன். காஞ்சியிற் பாண்டவதூதர் என்னும் பெயரோடு அவன் கோயில்கொண்டுள்ளான். கிறித்தவத்திற் கடவுள் தூதரை விடுக்கின்றான். இங்குக் கடவுளே அடியார்க்குத் தூதனாகின்றான். தேவதூதன் என்னுந் தொகையைத் தேவனாகிய தூதன் என்று விரிப்பதற்கும் தமிழ் இலக்கணம் இடந்தருகின்றது. போதகர் கருதாத அப்பொருளைக் கேட்போர் நெஞ்சம் தானே நிரப்பிக்கொண்டது.

மலைநாட்டில்

ஈழத்தில் ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்து, கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேவாசு முனிவரும், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெசு சுவாமிகளும் கண்டியரசின் ஆதரவோடு அச்சமயத்தை நிலைபெறச் செய்தனர். முன்னவர் 2015இற் புனிதராக அறிவிக்கப்பெற்றார். பின்னவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றியவர். பௌத்த மன்னன் ஆதரவில் கிறித்தவத் துறவியர் மலைநாட்டில் வாழ்ந்த அவ்வரலாறு தனியே ஆராயத்தக்கது.

19ஆம் நூற்றாண்டிற் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பெருகத் தமிழகத்துத் தொழிலாளர் மலைநாட்டிற் குடியேறினர். அவருட் கத்தோலிக்கர் தம் ஊரிலிருந்து சம்மனசு என்னுஞ் சொல்லைச் சுமந்து வந்தனர். 1854இற் றொடங்கிய சீர்திருத்தச் சபையினரின் தோட்டத் தொழிலாளர் மிசன், திருநெல்வேலியிலிருந்து உபதேசியாரை வருவித்துத் தோட்டந்தோறும் அனுப்பியது. அவர்களோடு தேவதூதன் என்னுஞ் சொல் மலையேறியது. கடலோரத்திலும் மதுரையிலும் தரங்கம்பாடியிலும் தனித்தனியே பிறந்த சொற்கள், ஒரு லயத்தின் அடுத்தடுத்த காம்பிராக்களில் அவ்வாறு வந்து சேர்ந்தன.

பெரும்பான்மையராகிய இந்துத் தொழிலாளர் தம் காவல் தெய்வங்களோடு வந்தனர். புதிய நிலத்திற் புதிய தெய்வங்களும் தோன்றின. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வழிபடப்படுவது கவ்வாத்துச் சாமி. தொழிற்சாலையின் சுழலும் உருளைகளுக்குக் காவலாய் நிற்பது ரோதமுனி. ரோதை என்பது உருளையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. அண்டிரிக் அடிகளார் காலத்து நூல்களிற் போர்த்துக்கேயச் சொற்கள் தமிழ்ச் சமயத்தில் இடந்தேடின. நொபிலியார் அவற்றை நீக்க முயன்றார். மூன்று நூற்றாண்டு கழிந்தபின், அம்மொழிச் சொல்லொன்று மலைநாட்டு முனியின் பெயரில் ஆரவாரமின்றி அமர்ந்துவிட்டது. இதனைத் திட்டமிட்டோர் எவருமிலர்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், தூதரைப் பெயரிடுவதில் நால்வகை வழிகள் கையாளப்பட்டமை புலனாம். அயற்சொல்லை அவ்வாறே வைத்தல் மெக்சிக்கோ கண்ட வழி. இயல்பு நோக்கிப் புதுச்சொல் ஆக்குதல் சம்மனசின் வழி. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுதல் வானவரின் வழி. தொழில் நோக்கி மொழிபெயர்த்தல் தேவதூதனின் வழி. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'வானதூதர்' என்றது. காப்பியப் புலவர் கண்ட வானும், சீர்திருத்தச் சபையார் கண்ட தூதும் அச்சொல்லில் ஒன்றுபட்டன. இறை, தேவ என்னும் அடையை விடுத்து வான் என்னும் அடையைக் கொண்டமையால், பழைய மயக்கமும் நீங்கியது. சம்மனசு என்னுஞ் சொல் முதியோர் நாவிலும் மக்கட்பெயரிலும் வாழ்கின்றது.

இவ்வரலாறு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. தன் அரசன் மொழியை வழுவின்றி உரைத்தலும், கேட்போர் இயல்பையும் காலத்தையும் இடத்தையும் அறிந்து உரைத்தலும் தூதனுக்கு வேண்டுமென்பது வள்ளுவர் கருத்து. மொழிபெயர்ப்பாளனும் ஒரு தூதனே. முன்னதை மட்டும் போற்றிப் பின்னதை மறந்தவர், பிறர் தெய்வங்களை ஒரு சொல்லால் நரகில் தள்ளினர். இரண்டையும் போற்ற முயன்றவர் பல்லாண்டு கற்றனர், தம்மவராலேயே ஐயுறப்பட்டனர். ஆயினும் அவர் ஆக்கிய சொற்களே மக்கள் நாவில் நின்றன. பல சமயத்தார் ஒரே கூரையின்கீழ் வாழும் மலைநாட்டில், அயலான் வணங்குவதனை எப்பெயரால் அழைக்கின்றோம் என்பது இன்றும் சிறிய வினாவன்று. அவன் தன் நாவாற் கூறும் பெயரை முதலிற் கேட்டறிதலே அதற்குத் தக்க தொடக்கமாகும்.